பற்று வரவு

ஏலப் பொருள் எண் இருநூற்றுப் பதினான்கு.
அட்டை. பதினொன்றுக்கு ஏழு சென்டிமீட்டர்.
பழுப்பு மை. மேல் ஓரத்தில் குண்டூசித் துளை,
அதைச் சுற்றிக் கடுகளவு துரு.
கையெழுத்து: எவரிஸ்தோ லாகோமர்சீனோ.
ஒரே ஒரு வாக்கியம்:
'வலி தீர்ந்த வாய் பொய் சொல்லும்.'

மொந்தேவீதேயோவின் பழைய நகரில்
இரண்டாம் மாடியில் உட்கார்ந்து
இப்படி எழுதித்தான் எனக்குச் சம்பளம்.
அளவு, மை, மடிப்பு, கறை.
அழகு என்ற சொல்லுக்கு இங்கே அனுமதியில்லை.

அவருடைய வாக்கியம் தெரியாதவர்
இந்த ஊரில் கிடையாது.
பேருந்து இருக்கையின் முதுகில் கீறியிருக்கிறார்கள்.
கல்யாண வீட்டில் குடித்தவர் யாராவது
அதைச் சொல்லி அழாமல் விடிவதில்லை.
ஆனால் அச்சில் இருப்பது, மூன்றாம் நாவல்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
'வலி தீர்ந்த நெஞ்சு பொய் சொல்லும்.'

நெஞ்சு.
வாய் அல்ல.

வாஷிங்டன் பெர்தோமோ வந்து பார்த்தார்.
எங்கள் நாட்டில் அப்படிப் பெயர் வைப்பார்கள்;
ஒரு நெல்சனும் மூன்று மில்டனும் எனக்கே பழக்கம்.
லாகோமர்சீனோவின் கடிதங்கள், மதுக்கடை ரசீதுகள்,
சலவைக்குப் போட்ட சட்டைக் கணக்கு வரை
பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவர்.
பூதக்கண்ணாடியை மடக்கிக்கொண்டு சொன்னார்:
"சொந்த வாக்கியத்தை எவன் தப்பாக எழுதுவான்?
போலி. ஆனால் தேர்ந்த கை."

அவர் போனதும் நானும்
'ஐயத்துக்குரியது' என்று ஓரத்தில் குறித்தேன்.
பென்சிலால்தான்.
பென்சில், கோழைகளின் கூட்டாளி.

வெள்ளிக்கிழமை தெற்குக் காற்றில்
ஜன்னல்கள் அடித்துக்கொண்டிருந்தபோது
அட்டையை விற்க வந்த நேலிதா ஒத்தோனெல்லோ
மறுபடியும் படியேறி வந்தார், மூச்சு வாங்க.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை,
ஒரு கையில் மாத்தே பானம்,
மறு கையில் தடித்த கணக்குப் புத்தகம்.
கை இரண்டும் நிறைந்திருந்ததால்
அன்றுதான் அவர் வாயை மறைக்காமல் பேசினார்.
முன்பல் மூன்று இல்லை.
"பல் கட்டத்தான் விற்கிறேன்" என்று சிரித்தார்,
பல்வைத்தியர் மகள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.
ஆகஸ்ட் ஒன்பது. நான்காவது வரி.
லாகோமர்சீனோ, எ.
கீழ்வரிசை, இடப்பக்கக் கடைவாய்ப்பல். பிடுங்கியது.
பற்று: பதினெட்டு பெசோ.
வரவு:
அதற்கு நேரே கட்டம் வெறுமை.
ஓரத்தில் தகப்பனின் குச்சி எழுத்து:
'அட்டை ஒன்று கொடுத்தார்.
பணம் நாளை தருவாராம்.'

அப்போதுதான் தெரிந்தது எனக்கு
அந்த வாக்கியத்தின் கன்னம் வீங்கியிருப்பது.
மரத்த உதடு. பஞ்சுக்கடியில் உப்பாக ரத்தம்.
மருந்துச் சீட்டு அட்டையை இரவல் வாங்கி
நாற்காலியை விட்டு இறங்காமலே
நெஞ்சை இறக்கிவிட்டு
வாயை ஏற்றியிருக்கிறார் மனிதர்.
பொய்யைச் சொல்லிவிட்டு
அது பொய்தான் என்று
எழுதியும் கையெழுத்திட்டிருக்கிறார்.
வைத்தியர் அதைச் சுவரில் குத்தி வைத்தார்,
வாய் பிளந்து கிடப்பவர்கள்
அண்ணாந்து படிக்கிற உயரத்தில்.

ரப்பரைத் தேடி எடுத்தேன்.

ஏலத்தில் பெர்தோமோ
கண் சிமிட்டாமல் கை தூக்கினார்.
நாலாயிரத்து இருநூறு டாலர்.
கொஞ்ச நேரம் கழித்து அருகில் வந்து கேட்டார்,
அந்த ஒரு பக்கம் மட்டும் கிடைக்குமா,
அட்டைக்கு அது சான்றல்லவா,
பிளேடால் நேர்த்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

நேலிதா மாத்தேயை உறிஞ்சி முடித்தார்.
குடுவையைத் தரையில் வைத்தார்.
என் பேனாவைக் கேட்டு வாங்கி
முழங்கால்மேல் புத்தகத்தை விரித்து
வரவுக் கட்டத்தில் எழுதினார்:
'பதினெட்டு. தீர்ந்தது.'
தேதி போடவில்லை.

பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
படியிறங்கிப் போனார், பேனாவோடு.

நீல மை, பந்துமுனை.
பின்னாளில் யாராவது அதைச் சோதிக்க நேர்ந்தால்
வேறு கை, வேறு காலம் என்று
சரியாகவே எழுதுவார்கள்.