கட்டுப்பாடுகளுடன்

பாட்டில் மேல் ஒட்டிய தாளில் நீல மை:
கு. சம்பங்கி, கத்திரித் தோட்டம், பாலாற்றங்கரை,
கிணறு அறுபத்திரண்டு அடி.
கொண்டுவந்த கை ஈரமாக இருந்திருக்க வேண்டும்.
'கத்திரி' மட்டும் கலைந்து
நீலக் கறையாக நின்றது.

வேலூரில், பேருந்து போகும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி அதிரும் இந்த ஆய்வகத்தில்
எனக்குச் சம்பளம் தண்ணீரை விசாரிப்பதற்கு.
சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.
மஞ்சள், செங்கல் நிறத்துக்குத் திரும்பும் நொடியில்
கட்டைவிரல் நிற்க வேண்டும்.
ஒரு சொட்டு தாண்டினாலும் கணக்கு பொய் சொல்லும்.
நல்ல கிணறு சீக்கிரம் திரும்பிவிடும்.
சம்பங்கியின் கிணறு திரும்பவேயில்லை.
பியூரெட்டை இரண்டாம் முறை நிரப்பினேன்.

மணி ஒன்று.
குளிர்பெட்டியில் மாதிரிகள் மட்டும் என்பது விதி.
என் டப்பா ஜன்னலோரம் வெயில் காயும்.
சோறும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும்.

அரிசி ரேஷன். மூட்டையில் தைத்த சீட்டு கிழிந்து
'...குடி' என்று மட்டும் மிச்சம் இருந்தது.
எத்தனை குடி இருக்கிறது அந்தப் பக்கம்.
புளி, ஆம்பூர் ரோட்டில் இலாகா நம்பர் அடித்த மரத்துடையது;
ஏலம் எடுத்தவர் எங்கள் தெருக்காரர், அதனால் தெரியும்.
கத்திரிக்காய் ஞாயிற்றுக்கிழமை
சத்துவாச்சாரி நிறுத்தத்தில் சாக்கு விரித்திருந்த பெண்ணிடம் வாங்கியது.
காம்பில் முள் குத்தியது, புதுசுதான் என்று எடுத்தேன்.
விலை கேட்டேன். குறைத்துக் கேட்டேன்.
கொசுறாக இரண்டு கேட்டேன்.
கிணறு கேட்கவில்லை.

எதிர்மேசை நசீமா தன் டப்பாவைத் திறந்தாள்.
பெங்களூரிலிருந்து வரும் கீரை, உறையிலேயே சான்றிதழ்.
"இதுக்குத் தண்ணி யாரு பார்த்தா?" என்று
அவளே கேட்டு அவளே சிரித்தாள்.
இந்த வேலைக்கு வந்தபின் பழகிக்கொண்ட சிரிப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
நினைக்கிறேன்.
அப்பாவுக்குத் தோல்ஷாப்பில் உப்பு உதறும் வேலை.
பச்சைத் தோலை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து
ஓங்கி உதறினால் தரையில் சரசரவென்று கொட்டும்.
கூட்டி அள்ளி எங்கோ கொண்டுபோவார்கள்;
மழைக்காலத்தில் அள்ளாமலே போகும்.
சனிக்கிழமை கவர் வரும்.
கவரிலிருந்து அரிசி வந்தது, ஆட்டுக்கால் வந்தது,
வாலாஜாவில் நான் படித்த ரசாயனம் வந்தது.
இன்று அளந்ததில்
அவர் உதறியது எத்தனை மில்லிகிராம் என்று
பிரித்துச் சொல்ல எங்களிடம் கருவி இல்லை.

பாதிச் சாப்பாட்டில் போன். இடது கையால் எடுத்தேன்.
"இன்னா மேடம், சம்பங்கி பேசறேன். ரிசல்ட்டு வந்துட்ச்சா?"
சொன்னேன்: குடிக்க ஏற்றதல்ல.
பாசனத்துக்கு, கட்டுப்பாடுகளுடன்.
"கட்டுப்பாடுன்னா? கெணறு கட்டுப்படணுமா, நானா?"
மழை பெய்தால் கொஞ்சம் இறங்கும் என்றேன்.
"அதுக்கு இன்னும் நாலு மாசம் கீதே."
பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.
"நாங்களும் அதத்தான் துன்றோம் மேடம்,
கொழம்பு நல்லாத்தான் கீது.
வேலூரு பக்கம் வந்தா ஒரு கிலோ கொண்டாறேன்."
வேண்டாம் என்பதற்கு
மரியாதையான ஒரு சொல் தேடினேன்.
அதற்குள் வைத்துவிட்டார்.

டப்பாவில் பாதி மீதி இருந்தது.
காலை அவசரத்தில் குழம்புக்கு
உப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை.
சரியாகத்தான் இருந்தது.