கலாநிதி உலோகநாதன்: தோற்றமும் திருத்தங்களும்

முதற் கொப்பியில் அவர் அமிலத்தில் விழுந்தார்.
மல்லாவியில் அப்போது அமிலம் இல்லை.
பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரிக்குள்
லேபிள் உரிந்த போத்தல் ஒன்று,
அதற்குள் செத்த பல்லி ஒன்று.
ஆனாலும் விழுந்தார்.
சுகிர்தா அப்படிக் கீறியிருந்தாள்.
இடது கை உருகிச் சைக்கிள் செயினாயிற்று,
வலது கண் டோச் லைற்.
அன்றுதொட்டு
உலகத்தை அழிப்பது அவர் உத்தியோகம்.

கறுப்புத் தீட்டுவது நான்.
உயிர் போன பற்றறியை உடைத்துக்
கரியைச் சிரட்டையில் அரைத்து
வேப்பம் பிசினில் குழைத்தால்
கலாநிதியின் நீள அங்கி வரும்.
ஆகாயத்துக்குச் சொட்டுநீலம்.
சிவப்பை ஒரு சிமிழில் அடைத்து
தொடாதே என்றாள்,
கதையில் பிறகு தேவைப்படுமாம்.

இரண்டாம் கொப்பியில் அமிலம் போய்விட்டது.
ரியூசன் பெடியள் சிரித்திருந்தார்கள்.
இப்போது அவர்
உயர்தரத்தில் நன்றாய்ச் செய்தும்
வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்து
வீட்டோடு நின்றுவிட்டவர்.
பரஞ்சோதி மாஸ்டர் அதை வாங்கி வாசித்தார்,
“இதுக்குப் போய் ஆரும் உலகத்தை அழிப்பினமோ” என்றார்,
பிறகு அந்தப் பாடம் முடியும்வரை
யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பல்கலைக்கழகமே போகாதவருக்குக்
கலாநிதிப் பட்டம் எப்படி?
தானே போட்டுக்கொண்டார்.
வில்லன் அல்லவா.

அழிப்பதும் லேசில்லை.
உலகை எரிக்கும் கண்ணுக்கு நாலு பற்றறி வேணும்.
பற்றறி தடை. யூரியா தடை. சீமெந்து தடை.
தாண்டிக்குளத்தில் வெயில் காய்ந்து வரிசையில் நின்றார்.
எதற்கு என்று கேட்டார்கள்.
உலகத்தை அழிக்க என்று
உள்ளதைச் சொன்னார்.
அதுக்கும் பாஸ் எடுக்க வேணும் என்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அந்தப் பக்கத்தில் கைரேகைகள் அதிகம்.
ஜாம் போத்தல் விளக்கருகே
ஆரோ சிரித்துச் சிரித்து
மூலையைக் கருக்கியும் இருந்தார்கள்.

பிறகு எல்லாரையும்போல அவரும்
பழைய பற்றறிகளைத் தகரத்தில் பரப்பினார்.
வெயில் குடித்த பற்றறி
மூன்று நிமிடம் தாங்கும்.
மூன்று நிமிடத்தில் எவ்வளவு உலகம் எரியும்?
கிடுகுவேலியில் ஒரு பாகம்,
பக்கத்து வளவு வாழைக்குலை ஒன்று.
வாழைக்குலைக்கு மறுநாள் போய்
மன்னிப்புக் கேட்டார்.

நாயகன் எப்ப வருவான் என்று
முறிகண்டிப் பக்கம் போய்வந்த கொப்பியில்
ஆரோ ஓரத்தில் எழுதியிருந்தான்.
அடுத்த கொப்பியில் என்று
கீழே எழுதினாள் சுகிர்தா.
ஒன்பது கொப்பியிலும் அதே பதில்.
ஒன்பதிலும் அவருக்கு வேறு வேறு பூர்வீகம்:
ஒன்றில் குளக்கட்டு உடைத்த எஞ்சினியர்,
ஒன்றில் மலேரியாவுக்கு மருந்து தேடி
நுளம்பின் பாஷை பழகியவர்,
ஒன்றில் காரணமே இல்லை,
பிறந்தார், அவ்வளவுதான்.
அதைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பாதை திறந்தது.
கடை கடையாய்ப் பற்றறி தொங்கியது,
சிவப்பு உறையில், தங்க எழுத்தில்.
நான் நாலு வாங்கிக்கொண்டு ஓடினேன்.
அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.
“இனி அந்த ஆளின்ரை கண் வேலை செய்யும்” என்றாள்.
பத்தாம் கொப்பி கீறப்படவில்லை.

ஆகவே
பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை.
அந்த மாதங்கள் முழுக்க அவர்
விசுவமடுவில் ஒரு பாலை மரத்தடியில்
தகரப் பெட்டிக்குள், மண்ணுக்குள்,
பற்றறி இல்லாமல் கிடந்தார்.
சிவப்புச் சிமிழும் திறக்காமலே பக்கத்தில்.
எங்கும் வந்து சொல்வேன்.
ஆரும் கேட்கவில்லை.

போன கிழமை துணுக்காயில் அவளைக் கண்டேன்.
வயல்மண் பரிசோதிக்கும் வேலை,
வெள்ளை மேலங்கி, கையில் கண்ணாடிக் குழாய்.
எது உண்மையான கதை என்று கேட்டேன்.
“முதலாவது. அமிலம்தான்.
அப்ப நான் அதைக் கண்ணாலும் கண்டதில்லை.”
ஒரு போத்தலைத் தூக்கி லேபிளைக் காட்டினாள்.
“கை ஒண்டும் செயினாகாது.
புண்தான் வரும்.
தள்ளி நில்.”