இழுபட்ட மூன்று

கண்ணாடித் தட்டின் மேல் பத்தையும்
தலைகீழாக நிறுத்தினேன்.
ஏழு ஒரே உயரம்.
மூன்று மட்டும்
ஒரு நகத்தின் தடிப்புக் கூட.

மெற்றில்டா குனிந்து பார்த்தாள்.
கொட்பேயிலிருந்து தம்புள்ளைக்கு
ஐஸும் பாரையும் ஏற்றுகிற வான் அவளுடையது.
ஹபரணைக் காட்டு நடுவில், இரவு பதினொன்றுக்கு
வெள்ளைப் புகை தள்ளி நின்றதாம்.
ஒயில் மூடியைத் திறந்தால்
உள்ளே பால் தேத்தண்ணி.

"இந்த மூண்டும் ஏன் நீண்டது?"
"இழுபட்டது. ஒருக்கா இழுபட்டால்
பழைய அளவுக்குத் திரும்பாது."
"மனுசர் மாதிரி எண்டு சொல்ல வராத," என்றாள்.
"விலையைச் சொல்லு."

புது போல்ற் எண்டால் சந்திக் கடையிலேயே இருக்கு.
ஸ்ரட் எண்டால் இரண்டரை மடங்கு,
கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரவேணும்.
ஆனால் ஸ்ரட்டைப் பற்றித் தொடங்கினால்
எனக்கு நிறுத்தத் தெரியாது.
கையாலே திருகி இறக்கினால் காணும்,
புளொக்கின் மரையை அது வருத்தாது,
மேலே நட் மட்டும்தான் சுழலும்,
இழுவை நேராக வரும், சுத்தமாக வரும்.
போல்ற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை:
முறுக்கையும் இழுவையையும்
ஒரே உடம்பில் தாங்கவேணும்.

நிஸ்பர் பழைய கஸ்கெற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றுக்கும் நடுவே
முகத்துவாரம் வெட்டியது போல்
கறுத்த ஒரு வாய்க்கால்.
கச்சான் காற்று. கூரைத் தகரம் முனகியது.
துளைகளுக்குள் மண் விழாமல்
ஈரச் சாறன் துண்டால் மூடினோம்.

அவள் வானுக்குள் தலையை விட்டாள்,
சாரதி இருக்கைக்குக் கீழே, எஞ்ஜின் கிடந்த பள்ளத்தில்.
"ஸ்ரட்டுக்கு மேலால ஹெட்டைத் தூக்க
எவ்வளவு உயரம் வேணும்?"
நான் ஒரு சாண் காட்டினேன்.
அவள் இருக்கைச் சட்டத்துக்குக் கீழே கையை வைத்தாள்.
நாலு விரல்.

"இரட்டை நட் போட்டு ஸ்ரட்டைக் கழட்டலாம்," என்றேன்,
"துருப் பிடிக்காட்டி."
"இது மீன் வான்," என்றாள்.

உண்மைதான்.
தரைத் தகட்டில் நாலு வருச உப்பு
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
எஞ்ஜினை இறக்காமல் அடுத்தமுறை ஹெட் வராது,
அடுத்தமுறையும் காட்டுக்குள்தான் வரும்.
அப்போது அங்கே நான் இருக்கமாட்டேன்.

போல்ற்.

துளை ஒவ்வொன்றிலும் மரையோட்டி விட்டுக்
காற்றால் ஊதினோம். அடியில் ஒரு சொட்டு ஒயில் தேங்கினாலும்
இறங்குகிற போல்ற் அதை நசுக்கும்,
ஒயில் நசியாது,
புளொக்தான் வெடிக்கும்.
நடுவிலிருந்து வெளியே, நத்தை ஓட்டுச் சுற்றில்,
முதல் சுற்று, இரண்டாம் சுற்று,
நிஸ்பர் எண்ண எண்ண றெஞ்ச் 'டிக்' என்றது.
பிறகு றெஞ்சுக்கும் தெரியாத வேலை:
இன்னொரு கால் வட்டம்.
அந்தக் கால் வட்டத்தின் கடைசியில் ஓர் இடம் இருக்கிறது.
இறுகிக்கொண்டே வந்த இரும்பு
சட்டென்று எதிர்ப்பதை விடும்.
மணிக்கட்டு மட்டும் அறியும்.
அறுந்துவிட்டதோ என்று முதல் தடவை பயந்தேன்.
அதுதான் பிடிக்கிற இடம்.
பத்துத் தடவை, மூச்சுப் பிடித்து.

துறைமுகத்தில் சங்கு ஊதும்போது
வான் இரண்டாம் திருப்பில் பிடித்தது.
புகை இல்லை.
காசை எண்ணித் தந்துவிட்டுக்
கண்ணாடித் தட்டிலிருந்து அந்த மூன்றையும் எடுத்தாள்.
"படங்கு காத்துக்குப் பறக்குது.
மூலைக்குப் பாரம்."

நாலாவது மூலைக்கு
நல்ல ஏழிலிருந்து ஒன்று கேட்டாள்.
கொடுத்தேன்.

மட்டிக்களி வளைவு தாண்டும்வரை
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்,
நாலும் ஒன்றாய்ப் போகிற சத்தம்.
"எண்டாலும் ஸ்ரட்தான் நல்லது," என்றேன்.
நிஸ்பர் கை கழுவிக்கொண்டிருந்தான்,
தண்ணீரை மூடவில்லை.