கேட் போட்டிருக்கிறது

சாவி இப்போது
காலண்டர் ஆணியில் தொங்குகிறது.
கை பழக்கதோஷத்தில் போகும்,
பாதியில் வெட்கப்பட்டுத் திரும்பும்.
முக்குக் கடையில் கொத்தமல்லி வாங்கவும்
கிக்கரை உதைத்தவன் நான்.
ஹேமாவதி ஒருநாள் எண்ணிக்கொண்டே நடந்துபோய்
எண்ணிக்கொண்டே திரும்பி வந்தாள்.
"நூத்தி முப்பத்தாறு அடி" என்று
கட்டை என் மடியில் போட்டாள்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஏறுவது ஐ.ஓ.சி. ஸ்டாப்பில்,
காசில்லாத சீட்டு.
எண்ணெய்க் கம்பெனி பேரில்
பஸ் ஸ்டாப் வைத்திருக்கிற ஏரியா எங்களுடையது.
மணலியில் காய்ச்சுகிறார்கள்.
ராத்திரி அந்தப் புகைபோக்கி உச்சியில் தீ எழும்பினால்
மொட்டைமாடிக் கொடியில்
எது யார் லுங்கி என்று தெரியும்.
காற்று திரும்பினால் ரசத்திலும் அந்த வாடை.
வெளிச்சம் இனாம்.
வாடை இனாம்.
மிச்சத்துக்குத்தான் லிட்டர் நூறு சொச்சம்.

ஏற்பாடு எங்களுடையது அல்ல.
கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா,
இந்தப் பக்கம் ஹேமாவதி,
நடுவே காய்கிற வடகம்.
"ரெண்டும் ஒரே எஸ்டேட்டுக்குத்தானே போவுது,
ரெண்டு வண்டி இன்னாத்துக்கு?"
முடிந்தது பேச்சு.
ஒரு வாரம் என் வண்டி, மறு வாரம் தேசப்பன் வண்டி.

தேசப்பன் மோட்டார் போட்டுத்
தெருத்தண்ணியை உறிஞ்சுகிறான் என்று நானும்
உறிஞ்சுவது நான்தான் என்று அவனும்
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
அதிலிருந்து பேச்சு கிடையாது.
என் பின்னால் உட்கார்ந்தால்
தோளைத் தொடமாட்டான்.
கேரியர் கம்பியை முறுக்கிப் பிடித்துக்கொள்வான்.
நடுவில் இரண்டு டிபன் பை,
அவன் வீட்டுக் கருவாட்டுத் தொக்கு,
என் வீட்டு எலுமிச்சை சாதம்.
அவை இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டு வரும்.

பங்கில் யார் முறையோ அவர் காசு கொடுப்பார்.
மற்றவர் ஓடுகிற எண்களை
அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க் ஷீட் போலப்
பார்க்காத மாதிரி பார்ப்பார்.
மாசக் கடைசியில் எனக்கு மிஞ்சியது
ஆயிரத்து நூற்று நாற்பது.
மேம்பாலத்தில் முறுக்காமல்,
பிரேக்கைத் தேய்க்காமல்,
ஞாயிற்றுக்கிழமை சும்மா பீச் ரோடு சுற்றாமல்.
சும்மா சுற்றாததுதான்
இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட்.
முன்பெல்லாம் அணைக்கமாட்டேன்.
முறுக்கிக்கொண்டே நிற்பேன்,
ரயில் பயந்துவிடும் என்பதுபோல.
இப்போது கேட் இறங்குமுன்னே சாவியைத் திருப்புகிறேன்.
அணைத்தபிறகுதான் கேட்கிறது
கம்பியில் காக்கா,
பட்டாணிக்காரரின் கரண்டித் தட்டல்,
காலேஜ் பெண் போனில் யாரையோ
"நீ சாப்டியா" என்பது,
என் பிடரிக்குப் பின்னால்
ஒரு மனிதன் மூச்சு விடுவது.

அன்று வந்தது கூட்ஸ்.
கறுத்த உருளை உருளையாய்ப் பெட்ரோல்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் வழிந்து காய்ந்த கறை.
அத்தனை எண்ணெய் எங்களைக் கடந்துபோக
சொட்டு செலவழிக்காமல் நின்றோம் இரண்டு பேரும்.
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்தேழு."

இரண்டு வருஷம் ஏழு மாசம் கழித்து
தேசப்பன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.
"நாப்பத்தெட்டு" என்றேன் திரும்பாமல்.
"கடைசில போனது கார்டு வண்டி. அத்தயும் சேத்துக்குனியா?"
"மொதல்ல ஒண்ண வுட்டுட்ட நீ. லாரி மறைச்சுது."
"எந்த லாரி?"
"தண்ணி லாரி."
சொன்ன பிறகுதான் உறைத்தது
எந்த வார்த்தையைச் சொன்னேன் என்று.
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் பத்துப் பதினைந்து ஹாரன்,
ஒரு ஆட்டோ எங்கள் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனது.
சாவியைத் திருப்ப மறந்திருந்தேன்.

சமாதானம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.
விடியற்காலை அஞ்சுக்கு அவன் மோட்டார் ஓடுகிறது.
என்னுடையதும்.

மறுநாள் அவன் வாரம், அவன் வண்டி.
கேட்டுக்கு நாலு கடை முன்பே அணைத்துவிட்டு
உருட்டி வந்து நிறுத்தினான்.
சிக்னல் விழுகிற சத்தம்.
கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக் கேட்டான்:
"இஞ்சினுக்கு அடுத்தாப்ல ஒரு காலிப் பெட்டி வருமே,
அது கணக்குல உண்டா, இல்லியா?
இப்பவே சொல்லிடு."