அறுபத்தொன்றாம் கொக்கி

செவ்வாய், வயலின் கச்சேரி.
அந்துருண்டை நெடியோடு
நூற்றுப்பன்னிரண்டு கோட்டுகள் என்னிடம் வந்தன.
இசை, கதவிடுக்கில் கசிந்த அளவு.

புதன் பொம்மலாட்டம்.
பிஞ்சுக் கையுறைகளில்
எப்போதும் ஒன்று குறையும்.

வியாழன் கவிஞர்கள்.
ஏழே கோட்டுகள்,
அதிலும் நான்கு வாசிக்க வந்தவர்களுடையவை.
பொத்தான் அறுந்த ஒன்றுக்கு
இடைவேளையில் கறுப்பு நூல் கோத்தேன்.

சனி, ஓபரா.
ரீகாவின் பனி முழுக்க
மயிர்த்தோல் தோள்களிலிருந்து உருகி
என் மேசையில் சொட்டியது.
"வீஸ்மா, ஒருநாள் உள்ளே வந்துதான் பாரேன்"
என்கிறார் டிக்கெட் கிழிக்கும் இல்க்வார்ஸ்.
இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வதாம்?

ஞாயிறு எதுவும் இல்லை.
கூட்டிப் பெருக்க வந்தேன்.
அறுபத்தொன்றில் மட்டும்
வியாழக்கிழமையின் சாம்பல் கோட்டு,
புதுப் பொத்தானோடு.

வெளியே மைனஸ் பதினான்கு.
எதைப் போர்த்திக்கொண்டு போனார்
அந்த மனிதர்?