ஈரத்தில் மட்டும்

லோடு ஏற மூன்று மணி நேரமாகும் என்றான் குவாரி மேஸ்திரி.
வெடி வைக்கப் போகிறார்களாம்.
டிப்பரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு
பக்கத்துக் குன்றுக்கு நடந்தேன்.
வேறு வேலையில்லை, அதனால்தான்.

நீலப் பலகை. துருப்பிடித்த முள்கம்பி.
பாறை ஓவியங்களைச் சேதப்படுத்தினால் சிறை.
காவலர் மாயகிருஷ்ணன்
என் சட்டையை முகர்ந்த மாதிரி மூக்கைச் சுருக்கி
"மெட்ராஸா?" என்றார்.
"திருவொத்தியூர்."
"அதான்."

குனிந்து நுழைந்தால் வௌவால் எச்சம்,
அப்புறம் பாறை, வெறும் பாறை.
நான் சுமக்கிறதும் இதைத்தானே என்று திரும்பப் பார்த்தேன்.
"நில்லு, கண்ணு பழகணும்."
நின்றேன்.
வயிற்றுக்குள் கோடுகளோடு ஒரு மான் வந்தது.
கைகோத்த ஏழு பேர்.
கொஞ்சம் தள்ளி, யாரோடும் சேராமல்,
ஒரு கையைத் தூக்கியபடி ஒருவன்.
எல்லாம் செங்காவி.
"எத்தனை வருஷம் சார்?"
"மூவாயிரம். ஐயாயிரம்னும் சொல்வாங்க.
வர்ற ஆபீசரைப் பொறுத்து."

என் தண்ணீர் பாட்டிலை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.
"தண்ணி அடிச்சா பளிச்சுனு தெரியும்.
அதுக்காகவே அடிக்கிறானுங்க.
நனையிற ஒவ்வொரு தடவையும்
கொஞ்சம் போயிடுது."
அப்போது குவாரியில் வெடித்தது.
கூரையிலிருந்து மாவு மாதிரி எதுவோ
எங்கள் இருவர் தலையிலும் உதிர்ந்தது.
அவர் தட்டிவிட்டுக்கொண்டார். நானும்.

அன்றிரவு பதினெட்டு டன்.
மாதவரம், மணலி, சாத்தாங்காடு,
எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வால் பிடித்து
மூன்றரைக்குக் கடற்கரை.
தூண்டில் வளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
கடலைப் பிடிக்கிற தூண்டில்.
இரை, மலை.

குறை சொல்ல வரவில்லை.
இந்தக் கல் இல்லாவிட்டால்
பிலோமினா வீட்டுக்குச் சுவரில்லை.
அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு தெரு
இப்போது வலை விரிக்கிற ஆழத்தில் கிடக்கிறது.
அதிலொன்றில் ரேஷன் கடை இருந்தது.

ஆடி கழிந்து ஒருநாள் அவள்தான் கூப்பிட்டாள்.
"தேசப்பா, உன் கல்லுல ஒர்த்தன் நிக்கிறான்பா."
நெத்திலி காயப்போட இடம் தேடிப் போனவள்.
மேலே சுண்ணாம்பில் குவாரி நம்பர், நாற்பத்தேழு.
கீழே எவனோ ஸ்பிரேயில் எழுதிய காதல்.
இரண்டுக்கும் நடுவில் எனக்கு எதுவும் தெரியவில்லை.
"இரு, அலை வரட்டும்."

வந்தது.
பாறை கறுத்தது. கறுப்பின் மேல் சிவப்பாக
ஒரு தோள், ஒரு தூக்கிய கை,
கையில் கம்போ மீனோ.
அலை இறங்கியது, வெயில் குடித்தது, போய்விட்டான்.
அடுத்த அலையில் வந்தான்.

செல்லில் படம் எடுத்து மாயகிருஷ்ணனுக்கு அனுப்பினேன்.
"காவியா, துருவான்னு தெரியல. ஈரத்துல எடு" என்றார்.
சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.
லைனில் கிளிச் சத்தம் கேட்டது.
"அங்க தினம் எத்தனை அலை அடிக்கும்?"
எண்ணியதில்லை என்றேன்.

கல்லைத் தூக்கிக் கரையில் வைக்கலாமா என்று
சூப்பர்வைசரைக் கேட்டுப் பார்த்தேன்.
ஒன்றை உருவினால் வரிசை சரியும் என்றார்.
பிலோமினா தன் சுவரைப் பார்த்தாள்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.

நேற்று அடுத்த லோடு.
கொட்டுவதற்கு முன்னால் மேலே ஏறி உட்கார்ந்தேன்.
பாறைகள் இன்னும் சூடாக இருந்தன.
பாட்டிலைத் திறந்தேன்.
கீழிருந்து அவள் கேட்டாள்:
"இதுல யாராச்சும் இருக்காங்களா?"

கவிழ்க்கப் போன கையை நிறுத்தி
தண்ணீரை நானே குடித்தேன்.
"காஞ்சிருக்கு" என்றேன். "தெரியல."