நாலு மணிப் படகு

சிலோயேவுக்குக் கிழக்கே, வரைபடத்தில்
ஈ எச்சம் அளவு எங்கள் தீவு.
செவ்வாயும் வெள்ளியும் என் படகு பட்டணம் போகும்.
ஏறுகிறவர் பெயர், போகிற காரியம்
துறைமுக அதிகாரிக்கு நோட்டில் எழுதித் தர வேண்டும்.
கம்பளி விற்க. பல் பிடுங்க. பென்ஷன். கோழித் தீவனம்.
அப்புறம், வயிற்று வலி.

பதினொரு வருஷமாக எழுதுகிறேன்.
இத்தனை சின்னத் தீவில்
இத்தனை வயிறு எப்படி வலிக்கும் என்று
நான் கேட்டதில்லை.
என் தம்பி நிகனோர் மூன்று நாள் பேசாமல் இருந்து
நாலாம் நாள் கடலைப் பார்த்து நடந்தான்.
இடுப்பளவு தண்ணீரில் எட்டிப் பிடித்தேன்.
மறுநாள் நோட்டில் அவன் பெயருக்கு நேரே
நானும் அதையேதான் எழுதினேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூன்று கதவு தட்டினோம்.
ஒன்றில் பல்.
ஒன்றில் பூட்டு.
ஒன்றில் ஒரு பெண், சீட்டு எங்கே என்றாள்.
எந்தச் சீட்டு என்று அவளும் சொல்லவில்லை,
கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.
திரும்பி வரும்போது ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தோம்,
ரொட்டி வாங்கப் போனவர்கள் மாதிரி.

இப்போது தெரியும்.
ஆஸ்பத்திரியே இல்லை. அதன் பின்னால் ரொட்டிக்கடைச் சந்து,
மஞ்சள் தகரம் அடித்த வீடு.
பெயர்ப்பலகையை மழை தின்றுவிட்டது.
மணி அடிக்காது, சன்னலைத் தட்ட வேண்டும்.
நம் நர்ஸ் கையெழுத்துப் போட்ட தாள், அடையாள அட்டை.
காசு கேட்க மாட்டார்கள்.
எட்டு மணிக்குப் பன்னிரண்டு டோக்கன்.
என் படகு கரை தொடுவது ஒன்பதரைக்கு.

ரெமிஹியோ மூன்று முறை வந்தான்.
முதலில் டீசல் விலை கேட்டான்.
அடுத்த முறை, உன் தம்பி சவுக்கியமா என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனான்.
மூன்றாம் முறை நல்ல மழை. தொப்பியைப் பிழிந்தபடி
"யஸ்னாவுக்கு," என்றான், "வயிற்று..."
நான் நோட்டை மூடினேன்.
பிள்ளை எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்றேன்.
கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து விரல்விட்டுப் பார்த்தான்.
"உருளைக்கிழங்கு தோண்டினதிலிருந்து."
அது ஏப்ரல்.
வெளியே ஆகஸ்ட் பெய்துகொண்டிருந்தது.

பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினேன்:
வெள்ளி, விடிகாலை நாலு மணி.
எர்மிந்தா திட்டினாள்.
சேவல்கூட எழாத நேரம், வற்றுநீர் வேறு,
முழங்கால் சேற்றில் நடந்தா ஏறுவது, ஏன் இந்தக் கூத்து?
எஞ்சின் கோளாறு என்றேன்,
இருட்டில்தான் சரியாக ஓடுகிறது.

யஸ்னா அப்பாவின் பூட்ஸில் வந்தாள்.
தலையோடு போர்வை. பத்தொன்பது வயசு.
அம்மா கையில் பால்மாவு டப்பா,
அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் தாள்கள்.
பாதிக் கடலில் எர்மிந்தா
மேல்கோட்டுப் பையிலிருந்து சூடு ஆறாத கிழங்கு ஒன்றை
ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெண் மடியில் வைத்தாள்.
பிள்ளை தின்னவில்லை.
கையிலேயே வைத்திருந்தாள், கரை வரும்வரை.

கரை ஏறியதும் எர்மிந்தா சந்தைப் பக்கம் திரும்பவில்லை.
கூடையோடு அவர்கள் பின்னால் போய்
ரொட்டிக்கடை ஓரமாக நின்றாள்.
ஏழாவது டோக்கன் உள்ளே போனதையும் பார்த்தாள்,
எந்தச் சன்னலைத் தட்டுகிறார்கள் என்பதையும்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார்.
"இங்கே காரியம் எழுதவில்லையே?"
பேனாவை வாங்கி, வைத்தியம் என்று எழுதினேன்.
எதற்கு வைத்தியம் என்று கேட்பார் என நினைத்தேன்.
முத்திரை குத்திவிட்டு அடுத்த படகைக் கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை எர்மிந்தா கூடை இல்லாமல் வந்தாள்.
"உன் எஞ்சின் எப்படி இருக்கு?"
அப்படியேதான், என்றேன்.
"நாலு மணியே இருக்கட்டும்," என்றாள். அப்புறம் மெதுவாக,
"நர்ஸ் எந்தெந்த நாள் இருப்பாள்?"
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
அவளுக்கு மூன்று மகன்கள்.

யஸ்னாவுக்கு அடுத்த தடவை
ஆறு வாரம் கழித்து என்று கொடுத்திருக்கிறார்கள்.
வியாழக்கிழமை.
வியாழன் எனக்குப் படகு கிடையாது.
ஓதப் பட்டியலின் ஓரத்தில்
டீசல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
நிகனோர் எட்டிப் பார்த்து,
கூட்டல் தப்பு, என்கிறான்.